கழற்றும் பற்றரியும் மூடிய போனும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேடையில் ஏறிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. "அண்ணை, நீங்கள் புஜைராவிலை பதினாலு வருசம் போன் திருத்தினனீங்கள்தானே, அதைப்பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ" என்று எங்கள் செயலாளர் தம்பி கேட்டபோது மறுக்க முடியவில்லை. தலைப்பையும் எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்றுதான் தந்தது. "மாமா, முந்தின போனுக்கு நகத்தாலேயே பின்மூடியைக் கழற்றிப் பற்றரி மாத்தலாமாமே? இப்ப ஏன் எல்லாத்தையும் பசை போட்டு மூடி வைச்சிருக்கினம்? எது நல்லது?" என்று கேட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்று பிறகு சொல்லுகிறேன்.

முதலில் ஊரில் இருந்து தொடங்குகிறேன். 1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருசத்தோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. ரோச் லைற்றுக்குப் போடும் சாதாரணப் பற்றரி! இங்கே சுப்பர் மார்க்கெட்டில் காசு கட்டுகிற இடத்தில் தொங்குகிறதே, அதுதான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரைமணி நேரம் உயிர் வாங்கின ஆட்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் பூட்டி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் காதைக் கொடுத்து இருந்தோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப் போவார்.

இதை ஏன் சொல்லுகிறேன்? அந்த வயரை எங்கே பூட்டினோம்? றேடியோவின் பின்பக்கத்தில் பற்றரி போடுகிற கதவு இருந்தது. உள்ளே இரண்டு தகடு. ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். றேடியோவைச் செய்த ஆள் யாழ்ப்பாணத்தையும் கண்டிருக்க மாட்டார், எங்கள் டைனமோவையும் கண்டிருக்க மாட்டார். ஆனால் ஒரு கதவு வைத்திருந்தார். அந்தக் கதவால்தான் எங்களுக்கு வெளியுலகம் உள்ளே வந்தது. இந்தக் கதவை மட்டும் மனதில் வைத்திருங்கள். கடைசியில் திரும்பவும் வருவேன்.

2004 இல் நான் புஜைராவுக்குப் போனேன். எங்கடை சனத்துக்கு டுபாய் தெரியும், அபுதாபி தெரியும். புஜைரா பலருக்குத் தெரியாது. ஏழு அமீரகங்களில் முழுக்க முழுக்க ஓமான் வளைகுடாப் பக்கம் கரை உள்ளது அது ஒன்றுதான். முதுகுப் பக்கம் கல்மலை, முன்னால் கடல். துறைமுகம் 1983 இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. நான் இருந்த காலத்தில் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் இடங்களில் உலகத்தின் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. இரவில் கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் இன்னொரு நகரம் இருப்பதுபோலக் கப்பல் வெளிச்சம் தெரியும்.

நான் வேலை செய்த கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கப்பல்களில் இருந்தும் எண்ணெய் கொண்டுபோகும் படகுகளில் இருந்தும் வந்த தொழிலாளிகள். கட்டிட வேலையாட்கள், மலையாளிகள், பங்களாதேஷ்காரர், பிலிப்பைன்ஸ்காரர், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துத் தமிழர், எங்கடை ஊர்ப் பெடியள். 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் அந்த நாடு சேரவில்லை. அதனால் ஊருக்குத் திரும்பப் பயந்தவனும் அங்கே வேலை விசாவில் இருக்கும் ஒரு தொழிலாளிதான். அவனுக்குச் சொத்து ஒரு பெட்டி, ஒரு கட்டில், ஒரு போன்.

அந்த முதல் வருசங்களில் நோக்கியா 1100 தான் எங்கள் கடைக்குச் சோறு போட்டது. 2003 இல் வந்த மொடல். தூசி போகாத றப்பர் விசைப்பலகை, தலையில் ஒரு ரோச் லைற். பின்மூடியைத் தள்ளினால் பி.எல். 5சி என்ற பற்றரி கையில் வரும். கப்பலுக்குப் போகிறவன் இரண்டு பற்றரி மேலதிகமாக வாங்கிக்கொண்டு போவான். ஒன்று இறங்கினால் மற்றதைப் போடுவான். இரண்டு வருசத்தில் பற்றரி தேய்ந்தால் சில திர்ஹாம் கொடுத்துப் புதிது வாங்குவான். அதற்கு நான் தேவையில்லை, ஸ்குறூ டிரைவரும் தேவையில்லை.

அப்போ பழையதுதான் நல்லது என்று கைதட்டிவிடாதீர்கள். அதிலும் வில்லங்கம் இருந்தது. கழற்றுகிற பற்றரி என்றால் யாரும் செய்து விற்கலாம். அசலைப்போலவே லேபல் ஒட்டிய போலிகள் சந்தை முழுக்க வந்தன. அசலிலும் பிழை வந்தது. 2007 ஓகஸ்டில் நோக்கியா கொம்பனி ஓர் அறிவித்தல் விட்டது. 2005 டிசெம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் மற்சுஷிற்றா என்ற யப்பானியக் கொம்பனி செய்த 4 கோடியே 60 இலட்சம் பி.எல். 5சி பற்றரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மிஞ்சிச் சூடாகலாம், மாற்றித் தருகிறோம் என்று. கடைக்கு முன்னால் வரிசை. ஒவ்வொருவரும் மூடியைக் கழற்றிப் பற்றரியின் இலக்கத்தைக் காட்டி "இது வெடிக்குமா?" என்று கேட்டார்கள். ஆனால் பாருங்கள், போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பற்றரியை மட்டும் மாற்றினால் போதும்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 இல் சம்சுங் கலக்சி நோட் 7 வந்தது. மூடிய போன். பற்றரிகள் தீப்பிடித்தன. முதலில் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் தீப்பிடித்தது. பற்றரியிலேயே பிழை என்று 2017 ஜனவரியில் கொம்பனி ஒத்துக்கொண்டது. அதற்கு முன்பே அந்த மொடலையே உலகம் முழுக்கத் திரும்ப எடுத்து நிறுத்திவிட்டார்கள். பற்றரி பிழை, போனது முழுப் போன்.

அப்படியென்றால் ஏன் மூடினார்கள்? 2007 இல் அப்பிளின் முதல் ஐபோன் மூடியபடிதான் வந்தது. சம்சுங் தன் பிரதான மொடலை 2015 இல், கலக்சி எஸ் 6 உடன் மூடியது. எல்லாம் ஆட்களை ஏமாற்றத்தான் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. கழற்றுகிற பற்றரிக்குக் கெட்டியான கூடு வேண்டும், கதவு வேண்டும், வில்லுத் தகடு வேண்டும். இவையெல்லாம் இடம் பிடிக்கும். மூடிவிட்டால் மெல்லிய பைபோன்ற பற்றரியைப் பெரிதாக வைக்கலாம். தண்ணீரும் தூசியும் போகாமல் பசையால் அடைக்கலாம். இவை உண்மையான நன்மைகள். அதே நேரம் பற்றரி களைத்ததும் ஆட்கள் புதுப் போன் வாங்கினால் கொம்பனிக்கு நட்டமில்லை என்பதும் உண்மை. 2017 டிசெம்பரில், பற்றரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஒப்புக்கொண்டு அப்பிள் மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் விலையையும் குறைத்தது. போன் கிழடு தட்டிவிட்டது என்று எறிந்த எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது ஒரு புதுப் பற்றரிதான்.

புஜைராவில் இந்தத் தேய்மானம் கெதியாக வரும். லிதியம் பற்றரிக்குச் சூடுதான் எமன். குளிரில் பற்றரி சோர்ந்துபோகும், சூடானதும் திரும்ப எழும்பும். இங்கே ஜேர்மனியில் பனிக்காலம் பஸ் தரிப்பில் நிற்கும்போது உங்கள் போன் திடீரென்று அணைவது அதனால்தான். சூடு அப்படியல்ல. அது பற்றரியை உள்ளே நிரந்தரமாகக் கெடுக்கும். ஐபோனை 35 பாகை வரையான சூட்டில் பாவியுங்கள் என்று அப்பிளே சொல்கிறது. அங்கே கோடையில் 40 ஐத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நடுமதியத்தில் வெளிவேலை செய்விக்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருந்தது. மனிசருக்கு இடைவேளை. அவன் சேட்டுப் பைக்குள் இருந்த போனுக்கு இடைவேளை இல்லை. பற்றரி வீங்கிப் பின்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற போன்கள் கோடை முடியும்போது மேசை நிறைய வரும்.

இப்போது நான் சொல்ல விரும்பாத கதைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு உடனே பதில் சொல்லாததும் இதனால்தான்.

2016 ஓகஸ்ட். வன்னிப் பக்கத்துத் தம்பி ஒருவன், கப்பல் திருத்துமிடத்தில் வேலை, வீங்கிய போனோடு வந்தான். நான் அங்கே இருந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கதைக்க முடியாது, அந்தச் சேவை தடுக்கப்பட்டிருந்தது. ஆனால் குரலைப் பதிந்து அனுப்பலாம். அதனால் எங்கடை ஆட்கள் வீட்டோடு கதைத்ததெல்லாம் குரல் பதிவாகத்தான். அவனுடைய தாய் ஒவ்வொரு இரவும் பதிந்து அனுப்புவா. "சாப்பிட்டியோ அப்பன், மாடு கன்று போட்டிட்டுது" என்ற மாதிரி. அந்தத் தாய் இரண்டு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டா. அவன் வேலை செய்த கொம்பனி லீவு கொடுக்கவில்லை. செத்தவீட்டுக்கும் போகவில்லை.

"அண்ணை, அம்மாவின்ரை குரல் எல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு. பார்த்துக் கழட்டுங்கோ" என்றான்.

வியாழன் பின்னேரம். கடை நிறையச் சனம். பின்கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்றினேன். பற்றரி பசையால் இறுக ஒட்டியிருந்தது. பிளாஸ்ரிக் தகட்டால்தான் கிளப்ப வேண்டும். என்னுடையது உடைந்திருந்தது. அவசரத்தில் இரும்புத் தகட்டை எடுத்தேன். ஒரு மூலையில் குத்திவிட்டது. அவ்வளவுதான். முதலில் இனிப்பு மாதிரி ஒரு மணம், பிறகு புகை, பிறகு தீ. மண் வாளிக்குள் தூக்கிப் போட்டேன். உள்ளங்கை சுட்டது. போனின் உள்பலகை கருகிவிட்டது. அதற்குள் இருந்த ஒன்றையும் மீட்க முடியவில்லை.

அவன் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் என் கையைப் பார்த்து, "உங்கடை கை சுட்டுப்போச்சே அண்ணை, தண்ணிக்குள்ளை வையுங்கோ" என்றான். பிறகு வாசல் படியில் நெடுநேரம் இருந்தான்.

பழி என்மேல்தான். போன் வரும்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. கழற்றுவதற்கு முன் வை-பை வழியாக அந்தக் குரல்களைக் கடைக் கணினிக்கு எடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை. அது நோக்கியா 1100 போன்ற ஒரு போனாக இருந்திருந்தால், அவனே நகத்தால் மூடியைத் தள்ளி வீங்கிய பற்றரியை எடுத்து எறிந்திருப்பான். தாயின் குரலுக்குப் பக்கத்தில் எந்த இரும்பும் போயிருக்காது.

அதன்பிறகு மூடிய போன் என்றாலே எனக்கு வெறுப்பு. அந்த வெறுப்பையும் ஒருவர் வந்து உடைத்தார். அடுத்த வருசம், எண்ணெய்ப் படகில் வேலை செய்யும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர். கயிற்றேணியில் ஏறும்போது போன் நழுவிப் படகின் அடியில் தேங்கிய உப்புத் தண்ணிக்குள் விழுந்திருக்கிறது. வேலை முடிந்துதான் எடுத்திருக்கிறார். நல்ல தண்ணியில் கழுவித் துடைத்து உலரவைத்தார். வேலை செய்தது! "தம்பி, என் பழைய போனு ரெண்டு இதே மாதிரி விழுந்து செத்துருக்கு. இதைத் தெறக்காம விடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. உப்புத் தண்ணி பட்ட பழைய போன்களைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோல் செம்பு அரித்திருக்கும். கடலில் வேலை செய்கிறவனுக்கு மூடிய போன் ஆடம்பரமில்லை. அதுதான் அவன் வீட்டோடு வைத்திருக்கும் ஒரே நூல்.

அப்போ எது நல்லது? பிள்ளை, இப்போ பதில் சொல்லுகிறேன். கேள்வி மூடியதா திறந்ததா என்பதில்லை. மூடியிருக்கட்டும். தேவை வரும்போது பயமில்லாமல் திறக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டும் சேர்ந்து வராது என்று சொன்னால் நம்பாதீர்கள். 2014 இல் வந்த சம்சுங் கலக்சி எஸ் 5 க்குப் பின்மூடியைக் கையால் கழற்றலாம், ஒரு மீற்றர் தண்ணிக்குள் அரைமணி நேரமும் தாங்கும் என்று தரச் சான்று இருந்தது. அதே கொம்பனி வேலையாட்களுக்கென்று செய்யும் எக்ஸ்கவர் வகையிலும் இரண்டும் உண்டு. கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றுக்கொண்டு சட்டமாக்கியிருக்கிறது. 2023 இல் நிறைவேறிய பற்றரிச் சட்டம், சிறு சாதனங்களில் இருக்கும் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு 2027 பெப்ரவரி 18 ஐ நாளாகக் குறித்தது. கைத்தொலைபேசிகளுக்கென்று தனியான விதிகள் 2025 ஜூன் 20 இல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி கொம்பனிக்கு இரண்டு வழி. ஒன்று, பற்றரியைப் பாவிப்பவரே மாற்றும்படி போனைச் செய்வது. இல்லை, மூடித்தான் செய்வேன் என்றால் அந்தப் பற்றரி உழைக்க வேண்டும். 500 முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 83 வீதமும், 1000 முறைக்குப் பிறகு 80 வீதமும் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். தூசி போகக் கூடாது, ஒரு மீற்றர் தண்ணிக்குள் அரைமணி நேரம் தாங்க வேண்டும். அதாவது கதவை மூடுவதென்றால் அதற்குரிய விலையைக் கொம்பனி கொடுக்க வேண்டும். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

இங்கே வாழும் நாங்கள் இதைப் பாவிக்க வேண்டும். அதே நாளில் இருந்து, ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் புதிய மொடல்களுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு லேபல் உண்டு. பற்றரி எத்தனை முறை சார்ஜ் தாங்கும், திருத்துவது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஏ முதல் ஈ வரை ஒரு தரம், விழுந்தால் தாங்குமா, தண்ணி தாங்குமா, எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் கமராவைப் பார்ப்பார்கள். பெற்றோர் அந்த லேபலைப் பாருங்கள்.

கடைசியாகச் சில வீட்டு விசயம். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். பற்றரி வீங்கினால் அமத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பை வாளிக்குள்ளும் போடாதீர்கள். பொறுப்பான இடத்தில் கொடுங்கள். மூடிய போனை ஒருமுறை திறந்தால் தண்ணி தாங்கும் பசையைத் திரும்பப் புதிதாக ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குப் போகும்போது மேலதிகப் பற்றரியையும் பவர் பாங்கையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 2025 ஒக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் விமானத்துக்குள் பவர் பாங்கைப் பாவிக்கவும் தடை வந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. எங்கடை வீடுகள் எரிந்தபோது படங்களும் எரிந்தன. கலியாணப் படம் இல்லாத குடும்பம் எங்களுக்குள் எத்தனை? இப்போது எங்கள் படமும், விசாக் கடிதமும், செத்துப்போனவர்களின் குரலும் ஒரு மெல்லிய பசைக்குப் பின்னால் இருக்கின்றன. றேடியோவுக்கு ஒரு கதவு இருந்தது என்று சொன்னேன். உங்கள் போனில் கதவு இல்லையென்றால் நீங்களே ஒன்றை வையுங்கள். இன்று கைவிசேஷம் வாங்கிய கையோடு, வீட்டுக்குப் போய், பிள்ளைகளை அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி, அந்தக் குரல்களையும் படங்களையும் இன்னும் இரண்டு இடத்தில் பதிந்து வையுங்கள். பத்து நிமிட வேலை.

அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் என் மேசைக்கு வரும் எந்தப் போனையும், உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வைக்காமல் நான் திறப்பதில்லை. அவனுக்கு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.